காட்டுல விட்டுட்ட தக்காளிய நாமளே போய் பறிச்சு இல்லத்துக்கு குடுக்கலாமா? யாராவது செஞ்சிருக்கீங்களா?

பின்னலாடை_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூர்ல ஒரு டையிங் கம்பெனில வேலை பாக்கறேன். நாங்க எட்டு பேர் சேர்ந்து ரெண்டு வருசமா ஞாயித்துக்கிழமை சாப்பாடு குடுத்துட்டு இருக்கோம், பஸ் ஸ்டாண்டு பக்கம் படுத்திருக்கறவங்க ஒரு நாப்பது பேரு, அப்புறம் டவுனுக்கு வெளிய ஒரு முதியோர் இல்லம், அங்க அறுபது பேரு. எல்லாம் கைக்காசுதான், மாசக்கடைசில கொஞ்சம் இழுக்கும்.

போன வாரம் குண்டடம் பக்கம் ஒரு சாவுக்கு போயிருந்தேன். வழில ஒரு ரெண்டு ஏக்கர் தக்காளிக்காடு, செடி முழுக்க பழம் செவசெவன்னு தொங்குது, உள்ள ஆடு மேயுது. வண்டிய நிறுத்தி அந்த தோட்டத்துக்காரர்கிட்ட கேட்டேன், என்னங்க இப்படின்னு. "பெட்டிய அறுபது ரூபாய்க்கு கேக்கறான் தம்பி, பறிச்சா கையக் கடிக்கும், ஆடாவது திங்கட்டும்"னார். 14 கிலோ பெட்டிங்க அது. அன்னிக்கு காலைலதான் எங்க வீட்டுக்கிட்ட கடைல கிலோ இருபது ரூபாய்க்கு வாங்கிட்டு போயிருந்தேன். மனசு கேக்கவே இல்ல.

இப்ப என் கேள்வி, நாங்க எட்டு பேரும் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல போய் பறிச்சுட்டு வந்தா அவங்க விடுவாங்களா, எப்படி கேக்கறது, மருந்து அடிச்ச பழமா இருந்தா என்ன பண்றது, பாத்தா ஒரு டன் கூட கெடைக்கும்போல இருக்கு, அத்தனையும் கொண்டு வந்து எல்லா இல்லத்துக்கும் குடுத்துடலாமான்னு ஒரு ஆசை. அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

---

தாராபுரத்துக்காரன்:

தம்பி நல்ல மனசு, ஆனா நானும் தக்காளி வெக்கறவன்ங்கறதால கொஞ்சம் நேராவே சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க.

மொதல்ல கணக்கு. பெட்டி 60 ரூபாய்னு வெச்சுக்குங்க. ஒரு பொம்பளை ஆளுக்கு எங்க பக்கம் 400 ரூபாய் கூலி, பொழுது கெளம்பி மத்தியானம் வரைக்கும் எடுத்தா ஒரு 15 பெட்டி, ஆக பெட்டிக்கு 27 ரூபாய் கூலியே. மார்க்கெட்டுக்கு வண்டி வாடகை 15, கமிசன் 6, எறக்குகூலி 3. 51 போச்சு. மீதி 9 ரூபாய்ல நாத்து வாங்குனது, உரம், மருந்து, குச்சி நட்டு கட்டுனது எல்லாத்தையும் எடுக்கோணும். நாள் முழுக்க 60க்கே வித்தாலும் பரவால்ல, மார்க்கெட்டுக்கு கொண்டு போனதுக்கப்புறம் 45னு சொல்லுவாங்க, திருப்பி ஏத்திட்டு வர முடியுமா? அதனாலதான் விடறது. சோம்பேறித்தனம் இல்லீங்க.

ரெண்டாவது, நீங்க வீணாப் போகுதுன்னு நெனைக்கறீங்க பாருங்க, அது எங்களுக்கு முழுசா வீண் கெடையாது. ஆட்டுக்காரர்கிட்ட பேசி வெச்சிருப்போம், செடியத் தின்னுட்டு ராத்திரி அங்கயே பட்டி போட்டா அடுத்த வெள்ளாமைக்கு எருவாச்சு. ஒருநா ரோட்டவேட்டர் ஓட்டிட்டா மண்ணோட மண்ணு. அதனால கேக்கறப்ப "எப்படியும் வீணாத்தானே போகுது குடுங்க"ன்னு ஆரம்பிக்காதீங்க, அந்த வார்த்தை சுருக்குனு குத்தும். "நீங்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா, ஆடு விடறதுக்கு முந்தி ஒரு ஃபோன் போடுங்க"ன்னு சொல்லிட்டு நெம்பரை குடுத்துட்டு வாங்க. நாங்களும் நாளைக்கு ரேட் ஏறுமான்னு நாலு நாளு பாப்போம், 2023 ஜூலைல கிலோ நூறைத் தாண்டி போச்சே, அந்த மாதிரி ஒருநா வந்துடாதான்னு ஒரு நப்பாசை. அதனால கடைசி நிமிசத்துலதான் கூப்புடுவோம்.

மூணாவது, எட்டு பேர் பழக்கமில்லாம உள்ள எறங்குனா டிரிப் பைப்ப மிதிச்சு ஒடைப்பீங்க, கெளைய ஒடிப்பீங்க. பறிப்புக்கும் ஒரு கை வேணும். முக்கியமா ஃபோட்டோ. போன வருசம் எங்க ஊர்ப்பக்கம் ஒரு குரூப் வந்தாங்க, நல்ல பசங்கதான், ஆனா தோட்டத்துக்காரர நடுவுல நிறுத்தி "விவசாயியின் கண்ணீர்"னு போட்டு வாட்சப்புல உட்டாங்க. அந்தாளு பேங்குல நகைக்கடன் வெச்சிருக்காரு, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்காரு. அடுத்த வாட்டி அவரு யாரையும் உள்ள விடலை.

மருந்து விசயம். எப்ப கடைசியா அடிச்சீங்க, என்ன மருந்துன்னு கேளுங்க, கேக்கறதுல தப்பில்ல. டப்பா மேல சாஞ்ச சதுரத்துல செவப்பு, மஞ்ச, நீலம், பச்சைன்னு கலர் இருக்கும், செவப்புதான் கடும் விசம். எத்தனை நாள் கழிச்சு பறிக்கோணும்னு உள்ள இருக்கற சீட்டுல போட்டிருக்கும், ரெண்டு மூணு நாளும் உண்டு, வாரத்துக்கு மேலயும் உண்டு. ரேட் விழுந்த காட்டுல பெரும்பாலும் யாரும் மருந்துக்கு காசு செலவு பண்றதில்ல, ஆனா அதையே நம்பி இருக்காதீங்க.

---

சமையக்கட்டு_அக்கா:

தம்பி, ஒரு டன்னா! எங்க வெப்பீங்க?

நான் கோயமுத்தூர் பக்கம் ஒரு இல்லத்துல பதினோரு வருசமா சமையல். எங்ககிட்டயும் சுமார் அறுபது பேர், உங்க கணக்குதான். தக்காளி எங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்னு நெனைக்கறீங்க? சாம்பாருக்கும் ரசத்துக்கும் சேர்த்து மூணு கிலோ. நாலு நாளைக்கு 12 கிலோ. அதுக்கு மேல பழுத்த பழம் நிக்காது, தண்ணி விட ஆரம்பிச்சுடும், ஒண்ணு அழுகுனா பக்கத்துல இருக்கறதெல்லாம் போகும். ஒரு தடவை யாரோ ஒரு புண்ணியவான் கேக்காம கொள்ளாம ஆட்டோல இருபது பெட்டி எறக்கிட்டு கையெழுத்து வாங்கிட்டு போயிட்டாரு. ரெண்டு பேர் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் பிரிச்சோம், பாதிய மறுநாள் மாட்டுக்குதான் போட்டோம். குப்பையை உங்க காட்டுல இருந்து எங்க வாசலுக்கு மாத்துனதுதான் மிச்சம். வேணாம்னு சொன்னா "ஓசில குடுத்தாலும் வாங்க மாட்டேங்கறாங்க"ன்னு பேரு.

தொக்கு போடலாம்னு சொல்லுவீங்க. போடலாம். 25 கிலோ போட்டு வதக்குனா அஞ்சாறு கிலோ தொக்கு வரும், அவ்வளவு தண்ணி அதுல. ஆனா தக்காளி ஓசி, நல்லெண்ணெய் ஓசியா? கேஸ்? நாலு மணி நேரம் நின்னு கெளறுற கை? அதுக்கும் சேர்த்து நீங்க குடுக்கறதா இருந்தா சந்தோசமா செய்வோம். வெயில் காலமா இருந்தா அரிஞ்சு உப்பு போட்டு மாடில வத்தல் போடலாம், மூணு நாலு நாள் நல்ல வெயில் வேணும், மேகம் மூடாக்கு போட்டா பூஞ்சை புடிச்சு எல்லாம் போயிடும்.

ஆக எங்க மாதிரி ஒரு இடத்துக்கு தொக்கோட சேர்த்தே மூணு பெட்டி. மூணே மூணு பெட்டி. அதுலயும் பாதி பழம், பாதி செங்காயா கொண்டு வாங்க, செங்காய் ஒரு வாரம் தாங்கும். முந்தின நாள் ஃபோன் பண்ணிட்டு வாங்க. மொதல்ல அடுப்படில கேளுங்க தம்பி, அப்புறம் காட்டுக்கு போங்க.

---

மன்னார்குடி_மாப்ள:

தக்காளி பத்தி எனக்குத் தெரியாது, நெல்லு சொல்றேன்.

எங்க அப்பாயி சொல்லும், அப்பல்லாம் கை அறுப்பு, கட்டு கட்டித் தூக்கிட்டு போறப்ப உதிர்ற கதிரு அறுத்த ஆளுங்க வீட்டு புள்ளைங்களுக்குன்னு. யாரும் எழுதி வைக்கல, ஆனா பொறுக்காதேன்னு சொல்ற மிராசுதார ஊரே கேவலமா பேசும். களத்துல அடிச்சு தூத்தி அள்ளுனதுக்கு அப்புறம் மண்ணோட கெடக்குற நெல்லு இருக்கும்ல, களவடி, அது களம் காவக்காரருக்கோ கூட்டுற பொம்பளைக்கோ. அதை கொண்டு போயி முறத்துல புடைச்சு, தண்ணில கழுவி கல்லு எடுத்து, புழுக்கி, ஒரு மாசக் கஞ்சிக்கு ஆச்சுன்னு சொல்லும்.

இப்ப செயின் வண்டி, அறுவடை மெஷினு, வந்து ஒரு மணி நேரத்துல ஒரு ஏக்கர முடிச்சுட்டு போயிடுது. வைக்கோலோட சேர்ந்து நெல்லும் கொஞ்சம் வெளிய விழும்தான், ஆனா அதை பொறுக்க மனுசன் எறங்குறதில்ல, வாத்துக்காரங்க வந்து ஆயிரக்கணக்குல வாத்தை எறக்கிடுவாங்க. வயலுக்காரருக்கும் வாத்து எருவு கெடைக்குது. மனுசங்க பொறுக்குறது இப்ப எங்கன்னா கொள்முதல் நிலையத்து வாசல்ல. 40 கிலோ சிப்பம் புடிக்கிறப்ப சிந்துறத வயசான பொம்பளைங்க வெளக்கமாத்தோட காத்துக்கெடந்து கூட்டி அள்ளுறத நானே பார்த்திருக்கேன்.

நான் எதுக்கு இதை சொல்றேன்னா தம்பி, காட்டுல கெடக்குறதுக்கு ஆளே இல்லன்னு நெனைச்சுக்கிட்டு போகாதீங்க. ஏற்கனவே பொறுக்குற ஆளு யாருன்னு பாருங்க.

---

வேட்டவலம்_வெயில்:

மன்னார்குடிக்காரர் சொன்னது நூத்துக்கு நூறு. எங்க திருவண்ணாமலை பக்கம் மல்லாட்டை, அதான் நெலக்கடலை. கொடி புடுங்கி ஆய்ஞ்சு எடுத்த பின்னாடி மண்ணுக்குள்ள தங்குறது தப்புக் காய், அதை களைக்கொத்து வெச்சு கொத்தி பொறுக்கறது எங்க ஊரு கெழவிங்களுக்கும் லீவு நாள்ல பசங்களுக்கும். சில கொல்லையில பாதி பங்கு கொல்லைக்காரருக்கு, சில பேரு நீயே எடுத்துக்கோன்னுவாங்க. ஒரு மழை பேஞ்சா காயி வெளிய தெரியும், அன்னிக்கு ஊரே கொல்லையிலதான். நான் எட்டாவது படிக்கறப்ப ஸ்கூல் நோட்டு வாங்குனது தப்புக் காய் வித்த காசுலதான். அங்க ஒரு வேன்ல டீ ஷர்ட் போட்டுக்கிட்டு இருபது பேர் வந்து எறங்குனா எங்க ஆயா என்னா பண்ணும்? ஏழைக்கு குடுக்கறேன்னு ஏழைகிட்டயே புடுங்கின மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு, ரொம்ப நாள் ஈரமண்ணுல கெடந்த காய உடைச்சு பாக்காம யாருக்கும் குடுக்காதீங்க. கறுத்தது, பச்சை பூசணம் புடிச்சது, சுருங்குனதுல அஃப்ளாடாக்சின்னு ஒரு நஞ்சு இருக்கும், ஈரலக் கெடுக்கும், வறுத்தாலும் அவிச்சாலும் போகாது. சேலம் பக்கம் மரவள்ளி தோண்டுன காட்டுல மிச்சக் கெழங்கு கெடந்தாலும் அப்படித்தான், ஜவ்வரிசி மில்லுக்குன்னு போடற ரகத்துல சிலது கசப்புக் கெழங்கு, காட்டுக்காரரை கேக்காம அவிச்சு திங்கக் கூடாது.

---

கரோலினா_தமிழன்:

நான் அமெரிக்காவுல நார்த் கரோலினால இருக்கேன். இங்க இதுக்கு பெரிய ஏற்பாடே இருக்கு, கம்பேர் பண்ண உதவும்னு எழுதறேன். சொசைட்டி ஆஃப் செயின்ட் ஆண்ட்ரூன்னு ஒரு அமைப்பு, 1979ல பக்கத்து ஸ்டேட் வர்ஜீனியால ஆரம்பிச்சது, அறுவடை முடிஞ்ச வயல்ல மிச்சத்தை வாலண்டியர்களை வெச்சு எடுத்து ஃபுட் பேங்க்குக்கு குடுக்கறாங்க. இந்த நாட்டுலயே அதிகமா சக்கரவள்ளிக்கெழங்கு வெளையறது எங்க ஸ்டேட்லதான், அதனால நான் போனது ரெண்டு தடவையும் கெழங்குக்குதான். ரொம்ப பெருசா இருக்கறது, கோணலா இருக்கறது எதுவும் கடைல வாங்க மாட்டான், அதை அப்படியே வயல்ல விட்டுருவாங்க. நாம குனிஞ்சு பொறுக்கி பைல போடணும். முதுகு ரெண்டு நாளைக்கு நிமிராது.

இங்க ஏன் நடக்குதுன்னா ரெண்டு காரணம்னு நெனைக்கறேன். ஒண்ணு, 1996ல ஒரு சட்டம் போட்டாங்க, நல்ல எண்ணத்துல உணவை தானம் குடுத்தவங்க மேல பின்னால கேஸ் போட முடியாதுன்னு (வேணும்னே அலட்சியமா குடுத்தா அது வேற), அதனால விவசாயிக்கு பயமில்ல. ரெண்டு, வாங்கிக்கற பக்கம் கோல்டு ரூம் வெச்ச ஃபுட் பேங்க் ரெடியா இருக்கு, அக்கா சொன்ன அந்த "எங்க வெப்பீங்க"க்கு இங்க பதில் இருக்கு. அப்புறம் கெழங்கு மாசக்கணக்குல கெடாது, தக்காளி மாதிரி இல்ல. வயலுக்குள்ள எறங்கறதுக்கு முன்னாடி, விழுந்து கால் ஒடிஞ்சா விவசாயி பொறுப்பில்லன்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிடுவாங்க. போனவங்கள்ல பாதிப் பேர் சர்ச்காரங்க, வயலோட ஓரத்தை அறுக்காம ஏழைக்கும் பரதேசிக்கும் விடச் சொல்லி பைபிள்ல இருக்கறத சொல்லிட்டுதான் ஆரம்பிப்பாங்க.

---

கோர்ட்டு_வாசல்:

சட்டம்னு பேச்சு வந்ததால ஒரு சின்ன தகவல். பொறுக்கறது வழக்கமா உரிமையாங்கறது பழைய சண்டை. இங்கிலாந்துல 1788லயே இதுக்கு ஒரு கேஸ் நடந்திருக்கு, ஸ்டீல் எதிர் ஹாட்டன், சஃபோக் பக்கம் ஒரு பொம்பளை அறுத்த வயல்ல கதிர் பொறுக்குனாங்கன்னு நிலத்துக்காரர் போட்டது. அப்படி பொறுக்க சட்டப்படி யாருக்கும் உரிமை கெடையாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. தீர்ப்புக்கு அப்புறமும் அந்த ஊருப்பக்கம் ஜனங்க ரொம்ப காலம் பொறுக்கிட்டுதான் இருந்தாங்கங்கறது வேற கதை.

நம்மூர்லயும் அனுமதியில்லாம உள்ள போனா அத்துமீறல்தான், அதனால வாய்ப்பேச்சா இல்லாம வாட்சப்புல ஒரு வரி வாங்கி வெச்சுக்குங்க. மிச்ச உணவை வாங்கி பிரிச்சு குடுக்கறதுக்கு மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ 2019ல விதிமுறை கொண்டு வந்திருக்கு, குரூப் பெருசாச்சுன்னா, குறிப்பா சமைச்ச சாப்பாடும் சேர்த்து குடுக்கறீங்கன்னா, அதை ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

---

எதுக்கு_இதெல்லாம்:

ரெண்டு ஏக்கர் பழம் அழுகுது, நீங்க மூணு பெட்டி எடுத்துட்டு வந்து என்ன ஆகப் போகுது? ஒரு குளிர்பதனக் கெடங்கு கட்டச் சொல்லி கேளுங்க, அதுதான் தீர்வு. இது சும்மா மனசாந்தி.

---

தாராபுரத்துக்காரன்:

@எதுக்கு_இதெல்லாம் கெடங்கு வேணும்தானுங்க, யாரு வேண்டாம்னா. ஆனா தக்காளிய அதுல போட்டு எத்தனை நாள் வெப்பீங்க, வெங்காயமா அது? பழுக்காத காய ரொம்ப குளிர்ல வெச்சா பழுக்காமயே கெட்டுப்போகும். கிலோ நாலு ரூபாய்க்கு விக்கற பழத்துக்கு கெடங்கு வாடகை யாரு குடுப்பா? பசியோட இருக்கறவன் கெடங்கு கட்டற வரைக்கும் காத்திருப்பானாங்கறதும் இருக்குதில்லீங்க.

@பின்னலாடை_பையன் அக்காவோட கணக்கப் பாத்ததும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. மூணு பெட்டி எடுக்க எட்டு பேர் எதுக்குங்க? பழக்கமான ஒரு ஆளு ரெண்டு மணி நேரத்துல எடுத்துருவாங்க. ரேட் விழுந்தா மொதல்ல வேலை போறது அந்த பறிப்பு பொம்பளைகளுக்குத்தான், எங்களுக்கு நட்டம், அவங்களுக்கு அடுப்பே எரியாது. பழத்தை நாங்க சும்மா குடுக்கறோம். பெட்டிக்கு 27 ரூபாய் கூலிய நீங்க அவங்களுக்கு குடுங்க, வண்டி வாடகை 15. ஆக 42 ரூபாய்ல 14 கிலோ, கிலோ மூணு ரூபாய். நீங்க கடைல குடுத்தது இருபது. எட்டு பேரும் பெட்ரோல் போட்டுட்டு குண்டடம் வந்து போற காசுக்கு அவங்க கூலி சரியாப்போகும். நீங்க செய்ய வேண்டியது ஒரு பத்து இல்லத்துக்கு ஃபோன் போட்டு யாருக்கு எத்தனை பெட்டின்னு எழுதறதுதான். முப்பது பெட்டி சேந்தா ரெண்டு பொம்பளைகளுக்கு ஒரு நாள் வேலை, ஒரு சின்ன யானை வண்டி லோடு.

பெட்டிய மட்டும் திருப்பிக் குடுத்துருங்க. அது காணாமப் போனாதான் எங்களுக்கு உண்மையான கோவம் வரும். அப்புறம் அந்த பழம் எங்கயும் விலைக்கு போகக் கூடாது, போச்சுன்னு காதுல விழுந்தா அதோட முடிஞ்சுது.

---

பின்னலாடை_பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. உண்மைய சொல்லணும்னா முதல்ல படிச்சப்ப கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு, நாங்க எட்டு பேரும் தொப்பி எல்லாம் வாங்கிடலாம்னு பேசி வெச்சிருந்தோம்.

நேத்து உக்காந்து ஃபோன் போட்டேன். ஒன்பது இடத்துக்கு போட்டதுல நாலு பேர் சரின்னாங்க, ஒரு இடத்துல சின்ன வெங்காயம் இருந்தா சொல்லுங்க தக்காளி வேண்டவே வேண்டாம்னாங்க, ஒருத்தர் திட்டிட்டு வெச்சுட்டாரு, மீதிப் பேர் எடுக்கல. நாலு பேருக்கும் சேர்த்து 11 பெட்டி வருது, தொக்குக்கு எண்ணெய் நாங்க வாங்கித் தரோம்னு சொல்லிட்டேன். அந்த குண்டடத்துக்காரருக்கும் பேசினேன், ஆடு விட்ட காடு போச்சு, ஆனா அவரு தம்பி காட்டுல இன்னும் இருக்கு, கடைசியா மருந்து அடிச்சு பதினெட்டு நாள் ஆச்சுன்னாரு. வழக்கமா பறிப்புக்கு வர்ற அம்மா ஒருத்தங்க இருக்காங்க, அவங்களையே வரச் சொல்லிடறேன்னாரு. நாங்க ரெண்டு பேர் மட்டும் போறோம், தூக்கி வெக்க. ஃபோட்டோ கெடையாது.

11 பெட்டிக்கு தனியா வண்டி புடிச்சா கட்டுப்படியாகலங்க, 800 ரூபாய் கேக்கறாங்க. ஞாயித்துக்கிழமை காலைல அந்தப் பக்கம் இருந்து திருப்பூருக்கு வர்ற வண்டி ஏதாவது யாருக்காவது தெரியுமா?

---

தாராபுரத்துக்காரன்:

எங்க பால் வண்டி காலைல ஏழரைக்கு குண்டடம் தாண்டும், திரும்பறப்ப காலியாத்தான் வருது ஆனா நீங்க போறது எதிர்ப்பக்கம். எங்க மச்சான் ஞாயித்துக்கிழமை திருப்பூர் உழவர் சந்தைக்கு முருங்கைக்காய் ஏத்திட்டு வருவாரு, வண்டில பின்னாடி எடம் இருக்கும், ஆனா அவரு விடியக்காலைல ரெண்டரைக்கே கெளம்பிருவாரு. சனிக்கெழமை சாயங்காலமே பறிச்சு காட்டுலயே நெழல்ல வெச்சுட்டீங்கன்னா ஏத்திக்கச் சொல்றேன். டீசலுக்கு ஒரு நூறு குடுத்தா போதும். நெம்பர் தனியா அனுப்பறேன்.

---

சமையக்கட்டு_அக்கா:

சாயங்காலம் பறிச்சா ரொம்ப நல்லது தம்பி, பனி ஈரம் இருக்காது. பெட்டிக்கு அடில வைக்கோல் போடாதீங்க, குத்தும், பழைய பேப்பர் போதும். மேல ரொம்ப அடுக்காதீங்க. அந்த பறிக்கிற அம்மாவுக்கு வேணுங்கறத மொதல்ல எடுத்துக்கச் சொல்லுங்க.

சின்ன வெங்காயம் கேட்டவங்க நெம்பரை வெச்சிருங்க. வெங்காயம் சேமிச்சு வெக்கற பட்டறைய பிரிக்கறப்ப கழிச்சு போடற பொடி வெங்காயம் கெடைக்கும், அது வந்தா எங்களுக்கும் ரெண்டு மூட்டை.